பூட்டு இருந்தது, பொருள் வெளியே இருந்தது: லினக்ஸ் கெர்னலில் ரஸ்ட் மொழியின் முதல் பாதுகாப்புப் பிழை சொல்வது என்ன?

2025 டிசம்பரில், ஒரு வார இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. டோக்கியோவில் கூடிய லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்கள், 'ரஸ்ட் மொழி இனி சோதனை முயற்சி அல்ல. கெர்னலின் நிரந்தரப் பகுதி' என்று முடிவெடுத்தார்கள். அது முதல் செய்தி. டிசம்பர் 16 அன்று, கெர்னலில் ரஸ்ட்டில் எழுதப்பட்ட நிரல் ஒன்றுக்கு முதன்முறையாகப் பாதுகாப்புப் பிழை எண் கொடுக்கப்பட்டது. சிவிஇ-2025-68260. இது இரண்டாவது.

சும்மா இருக்குமா இணையம்? 'பாதுகாப்பான மொழின்னு சொன்னீங்களே, இப்ப என்ன ஆச்சு?' என்று ஒரு பக்கம் கிண்டல். 'சி மொழியில் தினமும் நடப்பதுதானே இது, இதுக்குப் போயி இவ்வளவு சத்தமா?' என்று இன்னொரு பக்கம் பதில்.

இந்தச் சண்டையில் முக்கியமான கேள்வி காணாமல் போய்விட்டது. பிழை இருந்த இடம் சாதாரணமானது அல்ல. ஆண்ட்ராய்டு போனில் ஆப்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'பைண்டர்' என்ற பகுதி அது. அங்கே லாக் போடப்பட்டிருந்தது. லாக் போட வேண்டிய இடத்தில் எல்லாரும் முறையாகப் போட்டும் இருந்தார்கள். அப்படியும் பிழை வந்தது. எப்படி?

பைண்டர் என்ன செய்கிறது?

டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறீர்கள். அந்த ஆப் கேமராவை நேரடியாகத் தொடுவதில்லை. கேமராவைக் கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு சேவை பின்னணியில் ஓடுகிறது. ஆப் அதனிடம் 'படம் கொடு' என்று கேட்கிறது. லொகேஷன் வேண்டுமா? அதற்கு வேறொரு சேவை. போட்டோவை இன்னொரு ஆப்புக்கு ஷேர் செய்ய வேண்டுமா? அதற்கும் நடுவில் யாரோ ஒருவர் செய்தியைக் கொண்டுபோக வேண்டும்.

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கப்பட்டது மாதிரி ஓடுகிறது. ஒன்று இன்னொன்றின் மெமரியை எட்டிப் பார்க்க முடியாது. இந்த அறைகளுக்கு நடுவே கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்தான் பைண்டர். அது இருப்பது கெர்னலுக்குள். அதாவது, போனின் ஹார்ட்வேரையும் மெமரியையும் ஆளும் அடித்தள மென்பொருளுக்குள்.

ஆப்கள் எல்லாமே பைண்டரோடு பேச முடியும் என்பதால், ஆப் வேடத்தில் போனுக்குள் நுழையும் தீய மென்பொருளும் அதோடு பேச முடியும். அதனால்தான் தாக்குபவர்களின் கண் எப்போதும் பைண்டர் மேல். இத்தனை ஆண்டுகள் சி மொழியில் இருந்த பைண்டரை கூகுள் பொறியாளர்கள் ரஸ்ட்டில் புதிதாக எழுதியதற்கும் அதுவே முக்கியக் காரணம். அந்தப் புதிய பைண்டர், 2025 நவம்பர் 30 அன்று வெளியான லினக்ஸ் 6.18 பதிப்பில் சேர்ந்தது.

'அவர் இறந்துட்டா சொல்லுங்க'

பைண்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கேமரா சேவை திடீரென்று கிராஷ் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் காத்திருக்கும் ஆப்களுக்குத் தகவல் போக வேண்டும். இல்லையென்றால் அவை வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

அதனால் ஆப்கள் முன்கூட்டியே பைண்டரிடம் பதிவு செய்துவைக்கின்றன: 'இந்தச் சேவை செத்துப்போனால் எனக்குச் சொல்லு.' இதற்கு மரண அறிவிப்பு என்றே பெயர். பதிவுகள் எல்லாம் ஒரு பட்டியலில் சேர்கின்றன. சேவை முடிந்துபோனதும், பைண்டர் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்காகத் தகவல் சொல்கிறது. நடுவில் மனம் மாறி, 'எனக்கு இனிமே சொல்ல வேண்டாம்' என்று ஓர் ஆப் தன் பதிவை நீக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

இந்த இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதுதான் பிழையின் மையம்.

இன்றைய போன்களில் பெரும்பாலும் எட்டு கோர் பிராசசர் இருக்கிறது. 'ஒரே நேரத்தில்' என்பது இங்கே பேச்சுக்குச் சொல்வதில்லை. ஒரு கோர் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோர் அதே பட்டியலைத் திருத்த முடியும், நிஜமாகவே.

வரிசையும் கதவும்

பட்டியல் என்றால் எக்ஸெல் ஷீட் மாதிரி ஒன்றை நினைக்க வேண்டாம். இங்கே இருப்பது வேறு விதம். ஒரு தாலுகா ஆபீஸை எடுத்துக்கொள்ளலாம். உள் அறையில் மனு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். டோக்கன் கிடையாது. பெயர் எழுதிய ரிஜிஸ்டரும் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது இரண்டே விஷயம்தான்: எனக்கு முன்னாடி யார், எனக்குப் பின்னாடி யார்.

வரிசையின் நடுவிலிருந்து ஒருவர் கிளம்பினால், முன்னால் நிற்பவரிடம் 'உங்களுக்குப் பின்னாடி இனிமே இவர்' என்றும், பின்னால் நிற்பவரிடம் 'உங்களுக்கு முன்னாடி இனிமே அவர்' என்றும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அப்போதுதான் வரிசை அறுந்துபோகாது.

குமார், லதா, சலீம், மேரி என்று நான்கு பேர். லதாவும் சலீமும் ஒரே நொடியில் கிளம்புகிறார்கள். லதா குமாரிடம், 'உங்களுக்குப் பின்னாடி சலீம்' என்கிறார். சலீம் மேரியிடம், 'உங்களுக்கு முன்னாடி லதா' என்கிறார். இருவரும் போய்விட்டார்கள். இப்போது குமார் தேடுவது இல்லாத சலீமை. மேரி தேடுவது இல்லாத லதாவை. வரிசை முழுக்கக் குழம்பிப்போச்சு.

கம்ப்யூட்டரில் 'முன்னால் யார், பின்னால் யார்' என்பவை மெமரி முகவரிகள். தப்பான முகவரியைக் கெர்னல் பின்தொடர்ந்து போனால், தன்னுடையது அல்லாத மெமரியில் கைவைக்கும். அதன் முடிவு, சிஸ்டம் கிராஷ். மோசமான சமயங்களில், தாக்குபவருக்குத் திறந்த வழி.

இதைத் தடுக்கத்தான் லாக். விதி எளிது: வரிசையில் யார் மாற்றம் செய்தாலும் முதலில் அறைக்கதவைப் பூட்ட வேண்டும். ஒருவர் பூட்டியிருந்தால் அடுத்தவர் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

சரி, அப்ப பிழை எங்கே?

சேவை ஒன்று முடிவுக்கு வரும்போது ஓடும் நிரல் இப்படி இருந்தது. கிளார்க் வருகிறார். விதிப்படி கதவைப் பூட்டுகிறார். வரிசையில் நிற்கும் எல்லாரையும் மொத்தமாக வராந்தாவுக்கு அழைத்துப் போகிறார். கதவைத் திறந்துவிடுகிறார். பிறகு வராந்தாவில் நின்றபடி நிதானமாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தகவல் சொல்கிறார்.

பார்க்கப் பொறுப்பான வேலை மாதிரிதான் தெரிகிறது. உண்மையில் இது கெர்னல் உலகில் பலரும் கையாளும் முறை. லாக்கை அதிக நேரம் பிடித்து வைத்திருக்கக் கூடாது. மற்ற வேலைகள் தேங்கிவிடும். ஒரு லாக்கைப் பிடித்தபடியே இன்னொரு லாக் தேவைப்படும் வேலையில் இறங்கினால், இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து அப்படியே உறைந்துபோகும் 'டெட்லாக்' நிலையும் வரலாம். அதனால் பட்டியலை மொத்தமாக ஒரு தற்காலிக இடத்துக்கு எடுத்துக்கொண்டு, லாக்கை விட்டுவிட்டு, வேலையை முடிப்பது வழக்கம்.

சிக்கல் இங்கேதான். அதே நேரத்தில் லதா கிளம்ப முடிவெடுக்கிறார். அவரும் விதியை மீறவில்லை. அறைக்கு வருகிறார், கதவைப் பூட்டுகிறார், முன்னால் பின்னால் நிற்பவர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். ஆனால் வரிசை இப்போது அறைக்குள் இல்லையே! அது வராந்தாவில் இருக்கிறது. அங்கே அதே நொடியில் கிளார்க், லதாவுக்கு அடுத்து நிற்கும் சலீமைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார், கதவைப் பற்றிய கவலையே இல்லாமல்.

இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஆனாலும் ஒரே வரிசையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கலைத்துவிட்டார்கள். லதா பூட்டிய பூட்டு காலி அறையைத்தான் காத்துக்கொண்டிருந்தது.

லாக் விட்டுப்போனதால் வரும் பிழைகளைக் கண்டுபிடிப்பது ஓரளவு சுலபம். 'இங்கே லாக் போடலையே' என்று ரிவ்யூவில் யாராவது சொல்லிவிடுவார்கள். இந்த மாதிரிப் பிழையில் எந்த வரியைத் தனியாகப் பார்த்தாலும் சரியாகவே தெரியும். இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'லாக் திறந்த அப்புறம் இந்தப் பொருள் எங்கே இருக்கு?' என்று கேட்டால்தான் தப்பு கண்ணில் படும்.

ரஸ்ட் ஏன் இதைப் பிடிக்கவில்லை?

நியாயமான கேள்வி. பதிலுக்கு முன், ரஸ்ட் உண்மையில் என்ன வாக்குறுதி கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சி மொழியில் லாக் தனி, அது காக்கும் பொருள் தனி. 'இந்த லாக் இந்தப் பட்டியலுக்கு' என்ற உறவு எழுதியவரின் தலைக்குள் இருக்கும். மிஞ்சிப்போனால் ஒரு கமென்ட்டில் இருக்கும். லாக் போடாமலே பொருளைத் தொட்டால் சி கம்பைலர் எதுவும் சொல்லாது.

ரஸ்ட்டில் பொருளை லாக்குக்குள்ளேயே வைக்க முடியும். பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதைத் தொட வழியே இல்லை. மறந்துபோய்த் தொட முயன்றால் நிரல் கம்பைலே ஆகாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மெமரியைத் திருத்துவதையும் ரஸ்ட்டின் விதிகள் தடுத்துவிடும்.

ஆனால் கெர்னல் போன்ற இடத்தில் சில வேலைகளை இந்த விதிகளுக்குள் அடக்க முடியாது. நடுவில் நிற்பவர் தானாகவே வரிசையை விட்டு விலகும் இந்தப் பட்டியல் அப்படிப்பட்ட ஒன்று. அதற்காக ரஸ்ட்டில் 'அன்சேஃப்' என்று ஒரு குறிச்சொல் உண்டு. 'இந்த இடத்தை என்னால் சரிபார்க்க முடியாது. சரியாக இருக்கும் என்று நீதான் உத்தரவாதம் தர வேண்டும்' என்று கம்பைலர் மனிதரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இடம் அது. அப்படி எழுதும்போது, ஏன் இது பாதுகாப்பானது என்று மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது கெர்னல் திட்டத்தின் நடைமுறை.

இந்தப் பிழை இருந்த வரிக்கு மேலேயும் அப்படி ஒரு குறிப்பு இருந்தது. அதன் சாரம்: ஒரு மரண அறிவிப்புப் பதிவு தன் சேவைக்குரிய பட்டியலைத் தவிர வேறு எதிலும் சேர்க்கப்படுவதில்லை, ஆகவே அது இந்தப் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வராந்தா வரிசை? அது 'இந்தப் பட்டியலும்' அல்ல, 'எந்தப் பட்டியலிலும் இல்லை' என்பதும் அல்ல. குறிப்பு எழுதும்போது யோசிக்காமல் விட்ட மூன்றாவது நிலை. சேவை முடிந்துபோகும் அந்தச் சிறிய இடைவெளியில் மட்டும் அந்த உத்தரவாதம் பொய்யாகிவிடுகிறது.

ஆக, ரஸ்ட் கம்பைலர் தவறவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த வரியைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அதனிடம் சொல்லப்பட்டிருந்தது. அதே நேரத்தில், 'ரஸ்ட்டில் எழுதினால் பிழையே வராது' என்று நினைத்தவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது. 'அன்சேஃப்' என்று எழுதிய இடத்தில் ரஸ்ட்டும் சி மாதிரிதான், மனிதர் சொல்வதை நம்பும். ஒரு வித்தியாசம் உண்டு: பிழை வந்தால் முதலில் எந்த வரிகளைச் சந்தேகப்பட வேண்டும் என்று அந்தக் குறிச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். சி-யில் எல்லா வரிகளையும் சந்தேகப்பட வேண்டும்.

எப்படிச் சரிசெய்தார்கள்?

திருத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குச் சிறியது. வராந்தாவையே ஒழித்துவிட்டார்கள்.

இப்போது கிளார்க் கதவைப் பூட்டுகிறார். வரிசையில் முதலில் நிற்கும் ஒரே ஒருவரை மட்டும் வெளியே எடுக்கிறார். கதவைத் திறக்கிறார். அவருக்குத் தகவல் சொல்கிறார். மறுபடியும் கதவைப் பூட்டி, அடுத்தவரை எடுக்கிறார். வரிசை தீரும்வரை இப்படியே.

இதில் வரிசை எப்போதும் அறைக்குள்தான் இருக்கிறது. வெளியே வந்தவர் எந்த வரிசையிலும் இல்லை. லதா நடுவில் வந்து கதவைப் பூட்டினாலும் இரண்டே சாத்தியங்கள்: அவர் இன்னும் அறைக்குள் வரிசையில் நிற்கிறார், அல்லது ஏற்கெனவே வெளியே எடுக்கப்பட்டுவிட்டார். மூன்றாவது நிலை இல்லை. அந்தப் பழைய குறிப்பு சொன்ன உத்தரவாதம் இப்போதுதான் நிஜமாகிறது.

இதற்கு ஒரு சின்ன விலை உண்டு. முன்பு ஒரே தடவை பூட்டித் திறந்தால் போதும். இப்போது பத்துப் பேர் வரிசையில் இருந்தால் பத்துக்கு மேல் பூட்டித் திறக்க வேண்டும். ஆனால் இது ஒரு சேவை முடிந்துபோகும்போது மட்டும் நடக்கும் வேலை என்பதால் இந்தத் தாமதம் பெரிய சுமை அல்ல.

இந்தத் திருத்தம் 6.18.1 பதிப்பில் சேர்ந்தது. அதாவது, பிழை இருந்த 6.18 வெளியாகி இரண்டு வாரத்துக்குள் திருத்தமும் வந்துவிட்டது.

பயப்பட வேண்டுமா?

இந்தக் குறிப்பிட்ட பிழைக்காக என்றால், வேண்டாம். லினக்ஸின் நிலையான பதிப்புகளைப் பராமரிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் சொன்னதன்படி, இதன் விளைவு சிஸ்டம் கிராஷ் ஆவதுதான். போனைக் கைப்பற்றும் அளவுக்குத் தாக்குபவருக்கு இது உதவாது. தவிர, இன்று மக்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவை 6.18-க்கு முந்தைய கெர்னல்களில்தான் ஓடுகின்றன. சர்வர்களில் பைண்டருக்கு பெரும்பாலும் வேலையே இல்லை.

அதே நாளில் கெர்னலின் சி பகுதிக்கு 159 சிவிஇ எண்கள் கொடுக்கப்பட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். 159-க்கு 1. சமூக வலைதளங்களில் ரஸ்ட் ஆதரவாளர்கள் அதிகம் பகிர்ந்த எண் இதுதான்.

ஆனால் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் சுமார் 4 கோடி வரிகள் இருக்கின்றன. அதில் ரஸ்ட்டின் பங்கு மிகச் சிறியது. இருப்பதே கொஞ்சம் என்றால் பிழையும் கொஞ்சமாகத்தானே இருக்கும்? இன்னொன்று, 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவே சிவிஇ எண்களை வழங்குகிறது. பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்று தோன்றும் எந்தத் திருத்தத்துக்கும் எண் கொடுப்பது அவர்கள் வழக்கம். அதனால் 159 என்பதும் 159 பெரிய ஓட்டைகள் என்று பொருளாகாது.

இதைவிட நம்பகமான அளவுகோல், ஆண்ட்ராய்டு பற்றி கூகுள் வெளியிட்ட கணக்கு. 2019-ல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பிழைகளில் 76 சதவீதம் மெமரியைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. 2025-ல் அந்தப் பங்கு முதன்முறையாக 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதத் தொடங்கியதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறது கூகுள். இது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவு.

லாக் போட்டும் பிழை வருவது புதிதா?

இல்லை. 2023-ல் கெர்னலின் சி பகுதியில் 'ஸ்டாக்ராட்' என்ற பிழை கண்டுபிடிக்கப்பட்டது. எண்: சிவிஇ-2023-3269. அங்கேயும் லாக் இருந்தது. கெர்னலில் சில லாக்குகள் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, படிப்பதற்கு மட்டும். பல பேர் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். இன்னொன்று, திருத்துவதற்கு, ஒரே ஒருவர்தான் பிடிக்க முடியும்.

நிரல் ஓடும்போது அதன் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதி வளர வேண்டியிருந்தால், அந்த வேலையைப் படிப்பதற்கான லாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு செய்யும் பழக்கம் நெடுநாளாக இருந்தது. பழைய அமைப்பில் அது பிரச்சினை தரவில்லை. 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில், மெமரிப் பகுதிகளைக் கணக்கு வைக்கும் அமைப்பே 'மேப்பிள் ட்ரீ' என்ற புதிய வடிவத்துக்கு மாறியது. புதிய அமைப்பில் அதே வேலைக்குத் திருத்துவதற்கான லாக் கட்டாயம். லாக் போடும் இடங்களோ பழைய பழக்கத்திலேயே நின்றுவிட்டன.

2023 ஜூன் நடுவில் புகார் போனது. லினஸ் டோர்வால்ட்ஸ் தலைமையில் திருத்தம் எழுதி முடிக்கச் சுமார் இரண்டு வாரம் ஆனது. ஒரு வரியை மாற்றினால் தீரும் விஷயமாக அது இல்லை. ஸ்டாக் வளரும் எல்லா இடங்களிலும் சரியான லாக்கைப் பிடிக்கும்படி மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு கதைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. லாக் என்பது 'இந்தப் பொருள் இங்கே, இப்படி இருக்கும்' என்ற அனுமானத்தின் மேல் போடப்படுவது. அனுமானம் மாறினால் லாக் தானாக மாறாது. பைண்டரில் பொருள் இடம் மாறியது. ஸ்டாக்ராட்டில் பொருளின் வடிவம் மாறியது. பழைய லாக் இரண்டிலும் அப்படியே இருந்தது.

மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது கெர்னலோடு நின்றுவிடும் பாடம் அல்ல. டிக்கெட் புக்கிங், வாலட் பேலன்ஸ், ஸ்டாக் கையிருப்பு என்று பல பேர் ஒரே நேரத்தில் தொடும் எந்த நிரலிலும் இது நடக்கலாம். ரிவ்யூவின்போது மூன்று கேள்விகள் உதவும். இந்த லாக் எந்தப் பொருளைக் காக்கிறது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? லாக்கைத் திறந்த பிறகு அந்தப் பொருளை வேறு யாராவது கையில் பிடித்திருக்கிறார்களா? கமென்ட்டில் இருக்கும் உத்தரவாதம், நடுவில் செய்த மாற்றங்களுக்குப் பிறகும் உண்மையா?

திருத்தம் எழுதினால் போதுமா?

இங்கேதான் சாதாரணப் பயனாளர்களின் பிரச்சினை ஆரம்பிக்கிறது. பைண்டரின் பழைய கதை ஒன்று இதைச் சொல்லும்.

2017 நவம்பரில், சி மொழி பைண்டரில் ஒரு பிழையை தானியங்கிச் சோதனைக் கருவி ஒன்று கண்டுபிடித்தது. ஒரு பொருளை அழித்த பிறகும் வேறொரு பட்டியல் அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிழை அது. 2018 பிப்ரவரியில் கெர்னலில் திருத்தம் வந்தது. ஆனால் அப்போது அதற்குச் சிவிஇ எண் இல்லை. ஆண்ட்ராய்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அறிவிப்பிலும் அது இடம்பெறவில்லை. அதனால் ஏற்கெனவே விற்பனையான பல போன்களுக்குத் திருத்தம் போகவே இல்லை.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்து, 2019 அக்டோபர் தொடக்கத்தில், கூகுளின் 'புராஜெக்ட் ஜீரோ' குழு ஓர் எச்சரிக்கை விட்டது: இந்தப் பிழையை யாரோ நிஜத் தாக்குதலில் பயன்படுத்துகிறார்கள். பெகாசஸ் உளவு மென்பொருளை உருவாக்கிய என்எஸ்ஓ நிறுவனத்தை நோக்கி அந்தக் குழு கைகாட்டியது. அந்த நிறுவனம் மறுத்தது. பாதிக்கப்படக்கூடிய போன்களின் பட்டியலில் கூகுளின் பிக்சல் 2, சாம்சங் எஸ்9 ஆகியவற்றோடு, இந்தியாவில் பலர் வாங்கிய ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 ஆகியவையும் இருந்தன. கூகுள் தயாரித்த போனுக்கே கூகுளுக்குத் தெரிந்த திருத்தம் போய்ச் சேரவில்லை! பிழைக்கு சிவிஇ-2019-2215 என்ற எண்ணும் அப்போதுதான் கிடைத்தது.

கெர்னலில் எழுதப்படும் திருத்தம் உங்கள் கைக்கு வர நீண்ட பாதை இருக்கிறது. லினக்ஸ் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டுக்கான கெர்னல், அங்கிருந்து சிப் தயாரிப்பாளர், பிறகு போன் நிறுவனம், கடைசியில் உங்கள் போனில் வரும் 'அப்டேட் கிடைக்கிறது' அறிவிப்பு. இதில் எந்தப் படியில் நின்றாலும் பிழை போனிலேயே தங்கிவிடும். இந்த வகையில் பார்த்தால், சின்னப் பிழைக்கும் எண் கொடுத்து வெளிப்படையாக அறிவிக்கும் இன்றைய வழக்கம் பயனாளர்களுக்கு நல்லதுதான். 2018-ல் அப்படி ஓர் எண் இருந்திருந்தால், அந்தத் திருத்தம் போன் நிறுவனங்களின் கண்ணில் படும் வாய்ப்பாவது அதிகமாக இருந்திருக்கும்.

உங்கள் போனில் என்ன பார்க்கலாம்?

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பகுதிக்குள் 'ஆண்ட்ராய்டு வெர்ஷன்' என்பதைத் தொட்டால் இரண்டு விவரங்கள் தெரியும் (சில போன்களில் இடம் கொஞ்சம் மாறும்). ஒன்று, கெர்னல் வெர்ஷன். 5.10, 5.15, 6.1, 6.6 மாதிரி எண்ணில் தொடங்கினால், அது 6.18-க்கு முந்தையது. பழைய எண் என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் பதிப்புகளுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

அதைவிட முக்கியமானது இரண்டாவது விவரம்: 'ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி அப்டேட்' என்ற இடத்தில் இருக்கும் தேதி. அது சில மாதங்களுக்குள் இருந்தால் பரவாயில்லை. ஓராண்டைத் தாண்டிவிட்டது, புதிய அப்டேட்டும் வரவில்லை என்றால், அந்தப் போனில் பேங்க் ஆப்பும் ஆபீஸ் மெயிலும் வைத்திருப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்த போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் அதே மூச்சில், 'எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் கொடுப்பாங்க?' என்றும் கேளுங்கள். பல நிறுவனங்கள் இந்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே மாடல் வாரியாகப் போட்டிருக்கின்றன.